எடை சரி, பிட்ச் தவறு: கடலூர் இழுவலைப் படகு ஒன்றின் புரொப்பெல்லர் சேதம் குறித்த நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு தொழில் செய்யும் ஒரு மர விசைப்படகின் புரொப்பெல்லர், முகத்துவாரத்தில் தரைதட்டியபோது அடிபட்டது. பட்டறையில் அதைச் சூடேற்றி நிமிர்த்தி, பற்றவைத்து, எடை சமன் பார்த்து மீண்டும் மாட்டினார்கள். அதன் பிறகும் படகு அதிர்ந்தது. எஞ்சின் தாங்கிகள், கியர்பாக்ஸ், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டின் இணைப்பு என ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டன, செலவும் ஆனது, அதிர்வு குறையவில்லை. இறுதியில் புரொப்பெல்லரைக் கழற்றி ஒவ்வொரு இலையின் பிட்சையும், அதாவது அதன் சாய்வின்படி ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரத்தையும், அளந்தபோதுதான் காரணம் புலப்பட்டது. அளப்பதற்குத் தேவைப்பட்டவை சமதளமான ஓர் இரும்புப் பலகை, ஒரு கோணமானி, ஓர் உயரமானி ஆகியவை மட்டுமே. அடிபட்ட புரொப்பெல்லர்கள் இந்தக் கரையில் ஆண்டுதோறும் பட்டறைக்கு வந்து, கண்ணளவிலும் எடையளவிலும் சரிபார்க்கப்பட்டுத் திரும்பிப் போகின்றன. பிட்ச் அளக்கப்படுவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம். படகின் பெயரும் தொடர்புடையவர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

படகும் அடிபட்ட விதமும்

படகு சுமார் 50 அடி நீளம் கொண்டது. எஞ்சினின் முழு வேகம் நிமிடத்திற்கு 1800 சுற்று. கியர்பாக்ஸ் மூன்றுக்கு ஒன்று எனக் குறைப்பதால் ஷாஃப்ட் நிமிடத்திற்கு 600 சுற்று சுழலும். புரொப்பெல்லர் மூன்று இலைகள் கொண்டது. விட்டம் 38 அங்குலம், பிட்ச் 26 அங்குலம், அதாவது 660 மி.மீ. உலோகம் மாங்கனீசு வெண்கலம். பெயரில் வெண்கலம் இருந்தாலும், செம்பு அறுபது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், துத்தநாகம் நாற்பது விழுக்காட்டை ஒட்டியும், அவற்றோடு சிறிதளவு இரும்பு, அலுமினியம், மாங்கனீசு ஆகியவையும் கலந்த வலுவான பித்தளையே இது. இந்தச் சேர்மானம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஆற்று நீரின் வேகம் தணிந்ததும், கெடிலமும் உப்பனாறும் கடலோடு கலக்கும் வாயில் மணல் திட்டுகள் இடம் மாறத் தொடங்குகின்றன. கரையோரமாக நகரும் மணலைத் தள்ளிவிட ஆற்றில் போதிய நீரோட்டம் இல்லாத மாதங்கள் அவை. ஓதத்தின் ஏற்ற இறக்கமும் இந்தக் கடற்கரையில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், ஏற்றத்திற்குக் காத்திருந்தாலும் பெரிதாக ஆழம் கூடுவதில்லை. அப்படிப்பட்ட ஒரு விடியற்காலையில், இறக்கத்தின்போது, மீன் ஏற்றித் தாழ்ந்திருந்த படகு வழக்கமான பாதையிலிருந்து சற்று விலகித் தரைதட்டியது. கற்சுவரின் முனையிலிருந்து சரிந்து கிடந்த கருங்கற்களில் புரொப்பெல்லர் மோதியது. டிரைவர் பின்னோக்கிக் கியர் போட்டுப் படகை விடுவித்தார். அப்போது இரண்டாம் முறையும் மோதும் ஓசை கேட்டதாகச் சொன்னார்.

அதன் பிறகு அவர் செய்தவை பாராட்டத்தக்கவை. எஞ்சினை மெதுவோட்டத்தில் வைத்து, அடித்தளத்தில் நீர் ஏறுகிறதா என்று பார்த்தார்; ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் குழாயான ஸ்டெர்ன் டியூபில் கடல்நீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்டைக் கையால் தொட்டுச் சூடு பார்த்தார்; அதிர்வு தாங்கக்கூடிய வேகத்திற்கு மேல் எஞ்சினை விரட்டாமல் துறைமுகத்திற்குள் வந்து சேர்ந்தார். அடிபட்ட புரொப்பெல்லரோடு முழு வேகத்தில் கரைக்கு விரைந்திருந்தால், ஷாஃப்ட் தாங்கியும் கியர்பாக்ஸும் சேர்ந்தே போயிருக்கும்.

உப்பனாற்றங்கரையில் படகைக் கரையேற்றிப் பார்த்தபோது தெரிந்த சேதம் இது. மூன்று இலைகளையும் அ, ஆ, இ என்று குறித்துக்கொள்வோம். அ இலையின் முன் விளிம்பு, நுனியை ஒட்டி நன்றாகச் சுருண்டிருந்தது. ஆ இலையின் முன் விளிம்பில் இரண்டு விரல் அகலத்திற்கு உலோகம் பிய்ந்து போயிருந்தது. இ இலையில் கீறல்கள் மட்டுமே இருந்தன.

சேதத்தின் தோற்றத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. மணலில் மட்டும் உழுதிருந்தால் எல்லா இலைகளின் விளிம்புகளும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்து, மெருகேற்றியதுபோல் பளபளக்கும். கயிறோ வலையோ சுற்றியிருந்தால் இலைகளில் பெரிய காயம் இராது. இலைகள் கிளைக்கும் நடுப்பகுதியான குடத்திற்கும் தாங்கிக்கும் இடையில் நூல் இறுகிக் கிடக்கும், கிளாண்ட் கெடும். ஓர் இலை கடுமையாகவும் மற்றவை குறைவாகவும் அடிபட்டிருந்தால் கல், இரும்பு, மூழ்கிய மரம் போன்ற கடினமான ஒன்றில் மோதியிருக்கிறது என்று கொள்ளலாம். அப்படி மோதும்போது ஓர் இலையின் நுனியில் விழுந்த அடி, குடத்தின் வழியாக ஷாஃப்டின் டேப்பர் (குடம் உட்காரும் கூம்பு முனை), சாவி (குடத்தையும் ஷாஃப்டையும் பிணைக்கப் பள்ளத்தில் செருகும் உலோகக் கட்டை), இணைப்பு ஆகிய அனைத்தையும் கடந்து கியர்பாக்ஸ் வரை போகிறது. ஆகவே கண்ணில் படும் இலையோடு ஆய்வை நிறுத்துவது போதாது.

முதல் பழுதுபார்ப்பு

அ இலையை ஆக்சி-அசிட்டிலின் சுடரால் சூடேற்றி, மரக்கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தினார்கள். ஆ இலையின் பிய்ந்த இடத்தைப் பித்தளைக் கம்பியால் நிரப்பித் தேய்த்து வடிவம் கொடுத்தார்கள். பின்பு புரொப்பெல்லரை ஒரு தண்டில் கோத்து, கத்தி முனை போன்ற இரண்டு இணைத் தண்டவாளங்களின்மேல் உருட்டிப் பார்த்தார்கள். எந்த இலை கீழே வந்து நிற்கிறதோ அதன் முதுகில் சிறிது தேய்த்தார்கள். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும் வரை இது தொடர்ந்தது. கடைசியில் மெருகேற்றிக் கொடுத்தபோது அது புதியதுபோல் மின்னியது.

இந்த வேலையைச் செய்தவர்கள் கைத்திறன் உள்ளவர்கள் என்பதை நான் ஐயமின்றிச் சொல்வேன். எடைச் சமன் மிகத் துல்லியமாக இருந்தது; பின்னர் நானே அதைச் சோதித்தேன். ஆனால் இந்தச் சமன் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தருகிறது: எடை மையத்தில் இருக்கிறதா என்பது. மூன்று இலைகளும் தண்ணீரை ஒரே அளவில் தள்ளுகின்றனவா என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை.

மாட்டிய பின் கண்ட அறிகுறிகள்

முதல் பயணத்திலேயே டிரைவர் குறை சொன்னார். “நியூட்ரல்ல ஒண்ணுமே இல்ல அண்ணே. கியர் போட்டு ஆயிரத்து ஐந்நூறு தாண்டினா ஸ்டேரிங்கே நடுங்குது” என்பது அவர் சொன்னது. கிளாண்டிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக அல்லாமல் கோடாக ஒழுகத் தொடங்கியது. கிளாண்ட் கயிற்றை மாற்றியும் சில நாள்களில் அதே நிலைதான். டீசல் கூடுதலாகச் செலவானது. பிடித்த மீனை விற்ற தொகையில் டீசல், பனிக்கட்டி போன்ற செலவுகளைக் கழித்த பிறகே பங்கு பிரிக்கப்படுவதால், கூடுதலாக எரியும் ஒவ்வொரு லிட்டரும் உரிமையாளரோடு சேர்த்து வலை இழுக்கும் தொழிலாளரின் கையையும் கடிக்கிறது. கரையில் இந்தப் பேச்சு விரைவாகக் கசப்பாக மாறியது.

உரிமையாளரின் ஐயம் எஞ்சின்மேல் விழுந்தது. தாங்கிகளின் போல்ட்டுகள் இறுக்கப்பட்டன. ரப்பர் தாங்கிகள் மாற்றப்பட்டன. கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. அந்தக் கட்டத்தில்தான் என்னைப் பார்க்கச் சொன்னார்கள். கியர்பாக்ஸைத் திறக்கும் முன் விலையில்லாத சோதனைகள் சில உண்டு என்று சொல்லி, அவற்றை வரிசையாகச் செய்தோம்.

முதலாவது, நியூட்ரலில் எஞ்சினை முழு வீச்சிலும் ஓட்டினோம். அதிர்வு இல்லை. எனவே எஞ்சினும் அதன் தாங்கிகளும் முதன்மைக் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டாவது, கடலில் 1800 சுற்றில் ஓடும்போது கைப்பேசியிலுள்ள அதிர்வு அளக்கும் செயலியைக் கிளாண்டுக்கு மேலுள்ள தளத்தில் வைத்துப் பார்த்தோம். மிகப் பெரிய அதிர்வு வினாடிக்கு 10 முறை என்ற அளவில் இருந்தது. ஷாஃப்ட் நிமிடத்திற்கு 600 சுற்று என்றால் வினாடிக்கு 10 சுற்று. ஆக ஒரு சுற்றுக்கு ஒரு முறை படகு உதைபட்டது. மூன்று இலைகளும் ஒரே மாதிரி இருந்து, படகின் அடிப்பாகத்திற்கு மிக நெருக்கமாகச் சுழல்வதால் மட்டும் அதிர்வு வந்திருந்தால், அது ஒரு சுற்றுக்கு மூன்று முறை, வினாடிக்கு 30 என்ற அளவில் தெரிந்திருக்கும். இந்தப் படகில் எஞ்சினின் சுழற்சியும் வினாடிக்கு 30 என்பதால், அந்த எண்ணிக்கையில் அதிர்வு வந்திருந்தால் எதனால் என்று பிரித்தறிவது கடினமாகியிருக்கும். வினாடிக்குப் பத்து என்பதோ ஷாஃப்டையும் அதில் மாட்டியவற்றையும் மட்டுமே குறிக்கிறது.

மூன்றாவது அறிகுறி எல்லாவற்றையும்விடத் தெளிவானது. விபத்துக்கு முன் முழு வீச்சில் 1800 சுற்றுக்கு மணிக்கு 8.5 கடல்மைல் வேகம் கிடைத்ததாக டிரைவர் சொன்னார். இப்போது எஞ்சின் எளிதாக 1880 வரை ஏறியது, வேகமோ 7.7 தான். நீரோட்டத்தின் பங்கைக் கழிக்க, ஒரே தடத்தில் போகவும் வரவும் ஓட்டி ஜிபிஎஸ் காட்டிய வேகங்களின் சராசரியை எடுத்தோம். சுற்று கூடி, வேகம் குறைந்தால் புரொப்பெல்லர் தன் பிட்சை இழந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். எஞ்சின் நோயுற்றிருந்தால் சுற்றும் சேர்ந்து குறைந்திருக்கும்.

படகு மிதக்கும் நிலையிலேயே ஷாஃப்ட் இணைப்பின் இரு வட்டுகளுக்கும் இடையிலான இடைவெளியை, மெல்லிய தகடுகளைச் செருகி அளக்கும் ஃபீலர் கேஜால் நான்கு இடங்களில் அளந்தோம். மரப் படகு கரையேறும்போது அதன் உடல் சற்று வளைகிறது. ஆகையால் கரையில் வைத்து அளப்பது ஏமாற்றும். வட்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்திற்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை வேறுபாடு இருக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு; இங்கே அந்த எல்லைக்குள்தான் இருந்தது. இனிப் புரொப்பெல்லரைக் கழற்றுவது தவிர வேறு வழியில்லை என்று முடிவானது.

கழற்றுதலும் டேப்பரும்

கழற்றும் வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. எஞ்சின் சாவி எடுக்கப்பட்டு, வேலை செய்பவரின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். நட்டைத் தளர்த்தலாம்; முழுவதும் கழற்றிவிடக் கூடாது. டேப்பரில் இறுகியிருக்கும் புரொப்பெல்லர் விடுபடும்போது துள்ளிக்கொண்டு பின்னால் வரும், அதை நிறுத்த அந்த நட்டு மரையில் இருந்தாக வேண்டும். குடத்தைச் சம்மட்டியால் அடிக்காமல் புல்லரைப் பூட்டி இழுக்க வேண்டும். இழுக்கும்போது குடத்தை மெல்லச் சூடேற்றலாம், ஆனால் உள்ளே கிரீஸ் அடைபட்டிருந்தால் அது கொதித்துச் சீறும் என்பதை மறக்கக் கூடாது.

குடத்தின் உட்புறத்தில் நீலச்சாயம் தடவி ஷாஃப்டில் பொருத்திப் பார்த்தபோது, சாயம் பெரிய முனைப் பக்கம் மட்டுமே ஒட்டியது. பாதிப் பரப்புக்கும் குறைவாகவே தொடர்பு இருந்தது. சாவியை எடுத்துவிட்டுப் பொருத்தியபோது குடம் முன்பைவிட 3 மி.மீ. கூடுதலாக ஏறியது. அடிபட்டபோது சேதமான பழைய சாவிக்குப் பதிலாகச் செய்யப்பட்ட புதிய சாவி சற்று உயரமாக இருந்திருக்கிறது. குடம் டேப்பரில் உட்காராமல் சாவியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. இது தன்னளவிலேயே ஒரு பிழை: முழு முறுக்குவிசையையும் டேப்பரின் பிடிப்பு தாங்குவதற்குப் பதிலாகச் சாவி தாங்க நேர்ந்தால், சாவிப் பள்ளத்தின் மூலையில் வெடிப்பு தொடங்கும். இதைக் கண்டறிவது எளிது. சாவியில்லாமல் பொருத்தி, குடம் எதுவரை ஏறுகிறது என்று ஷாஃப்டில் கோடு போட வேண்டும். சாவியோடு பொருத்தும்போதும் அதே கோட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சாவியின் மேற்புறத்தைத் தேய்க்க வேண்டும், குடத்தை அல்ல.

ஷாஃப்டின் ஓட்டத்தை டயல் கேஜால் பார்த்தோம். வளைவு ஏதும் இல்லை. கடினமான கல்லில் இருமுறை மோதியும் ஷாஃப்ட் தப்பியது இந்த நிகழ்வில் கிடைத்த நல்ல செய்தி.

பிட்ச் அளவீடு

புரொப்பெல்லர் ஒரு முழுச் சுற்றில், வழுக்கல் சிறிதும் இல்லாமல் முன்னேறினால் கடக்க வேண்டிய தூரமே பிட்ச். இலையின் சாய்வு அதைத் தீர்மானிக்கிறது. அளக்கும் முறை எளியது. லேத் பட்டறையிலிருந்த சமதள இரும்புப் பலகையின்மேல் புரொப்பெல்லரை, குடத்தின் பின்முகம் மேலே இருக்குமாறு வைத்தோம். அப்போது தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளும் முகம் மேல்நோக்கி இருக்கும். குடத்தின் துளைக்கு நடுவில் ஒரு தண்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதில் சுழலும் ஒரு கையைப் பொருத்தினோம். அந்தக் கையால் ஒவ்வொரு இலையிலும் ஒரே ஆரத்தில் வில் வரைந்தோம். மையத்திலிருந்து நுனி வரையுள்ள தூரத்தில் பத்தில் ஏழு பங்கு என்பது 338 மி.மீ.; இலையின் போக்கை அறிய முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. அந்த வில்லில் 30 பாகை இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, பலகையிலிருந்து இரண்டின் உயரத்தையும் அளந்து, வேறுபாட்டை 12 ஆல் பெருக்கினால் பிட்ச் கிடைக்கும். முழுச் சுற்று 360 பாகை. 30 பாகை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதே இதன் கணக்கு.

பிட்ச் 660 மி.மீ. என்றால் உயர வேறுபாடு 55 மி.மீ. இருக்க வேண்டும். இ இலையில் சரியாக 55 இருந்தது. பற்றவைக்கப்பட்ட ஆ இலையில் 54.5, பிட்ச் 654. எல்லோரும் கைதேர்ந்த வேலை என்று மெச்சிய அ இலையில் 51 மட்டுமே, பிட்ச் 612. நுனிக்கு நெருங்கி, பத்தில் ஒன்பது பங்கு ஆரத்தில், இலை குறுகுவதால் 20 பாகை இடைவெளி எடுத்து 18 ஆல் பெருக்கினோம். அங்கே இ இலை 657, ஆ இலை 648, அ இலை 576. குடத்தை நெருங்கிய பாதி ஆரத்திலோ மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது சுருண்டிருந்த விளிம்பைப் பின்னுக்கு அடித்தபோது விளிம்பு நேரானது, ஆனால் இலையின் வெளிப்பாதி முழுவதும் தட்டையாகிவிட்டது. கண்ணுக்கு இது தெரியாது. 338 மி.மீ. ஆரத்தில் நான்கு மி.மீ. உயரக் குறைவை, அதுவும் மூன்று இலைகளுக்கு இடையில், எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது.

660க்கும் 612க்கும் உள்ள வேறுபாடு ஏழு விழுக்காடுதானே என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. விடையை ஒரு தோராயக் கணக்கால் சொல்லலாம். 8.5 கடல்மைல் வேகத்தில் ஓடும் படகு நிமிடத்திற்கு ஏறக்குறைய 262 மீட்டர் செல்கிறது. ஷாஃப்டின் 600 சுற்றுகளால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 437 மி.மீ. இலை தண்ணீரைத் தள்ளுவது பிட்சுக்கும் இந்த முன்னேற்றத்திற்கும் உள்ள இடைவெளியால்தான். சரியான இலைக்கு அந்த இடைவெளி 660இல் 437 போக 223; அ இலைக்கு 612இல் 437 போக 175. பிட்சில் ஏழு விழுக்காடு குறைந்த இலை, தள்ளும் வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகப் பின்தங்குகிறது. படகின் பின்னால் வரும் நீரின் இழுவையைச் சேர்த்தால் எண்கள் சற்று மாறும், முடிவு மாறாது. மூன்று பேர் ஒரே கயிற்றை இழுக்கும்போது ஒருவர் தளர்ந்தால் கயிறு கோணுவதுபோல், சுழலும் உந்துதலின் மையம் ஷாஃப்டின் அச்சைவிட்டு விலகி, ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டை ஒருமுறை பக்கவாட்டில் வளைக்கிறது. வினாடிக்குப் பத்து என்ற அதிர்வும், கிளாண்டின் ஒழுகலும், கூடுதல் டீசலும் இந்த ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

0.80 மீட்டரிலிருந்து 2.50 மீட்டர் வரை விட்டமுள்ள புரொப்பெல்லர்களுக்கு ஐஎஸ்ஓ 484 தரநிலையின் இரண்டாம் பகுதி துல்லிய வகுப்புகளை வகுத்திருக்கிறது. நம் படகின் விட்டம் 0.965 மீட்டர் என்பதால் அது இந்த வரம்புக்குள் வருகிறது. உயர் வகுப்புகளில் இலைக்கு இலை பிட்ச் வேறுபாடு ஓரிரு விழுக்காட்டு அளவிலேயே அனுமதிக்கப்படுகிறது. மீன்பிடிப் படகுக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை என்று வாதிடலாம். என் கருத்தில், பழுதுபார்த்த புரொப்பெல்லரில் மூன்று இலைகளும் பத்தில் ஏழு பங்கு ஆரத்தில் ஒன்றுக்கொன்று இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பட்டறையிடம் எழுதிக் கேட்பது எந்த உரிமையாளருக்கும் இயலக்கூடியதே.

வெடிப்பு

பிட்சை மறுபடி சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். அதற்கு முன் இலைகளைத் துலக்கி, வெடிப்பு காட்டும் சிவப்புச் சாயத்தை ஊற்றித் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தோம். அ இலையின் தள்ளும் முகத்தில், சூடேற்றப்பட்ட பகுதியின் ஓரத்தில், பாதி ஆரத்திற்குச் சற்று வெளியே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று எழுந்தது. அதன் இருபுறமும் உலோகம் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தது.

இந்த நிறத்திற்குப் பொருள் உண்டு. துத்தநாகம் மிகுந்த பித்தளையிலிருந்து கடல்நீர் துத்தநாகத்தை மட்டும் அரித்தெடுத்துச் செல்லும். எஞ்சுவது பஞ்சுபோல் துளைகள் நிறைந்த, வலுவிழந்த செம்பு. இழுவிசை உள்ளே உறைந்திருக்கும் இடத்தில் இந்த உலோகம் கடல்நீரில் வெடிக்கும் இயல்பும் உடையது. ஒரு சிறு பகுதியைச் சுடரால் சூடேற்றி அடித்து, அப்படியே ஆறவிட்டால் அந்த இழுவிசை உறைந்தே நிற்கும். சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் ஆறும் பகுதியைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்வதே காரணம்.

கப்பல் வகைப்படுத்தும் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐஏசிஎஸ் வெளியிட்டுள்ள வார்ப்புப் புரொப்பெல்லர் விதிகள், இவ்வகை உலோகத்தைச் சூட்டில் நிமிர்த்த 500 முதல் 800 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தைக் குறிப்பிடுகின்றன. பற்றவைத்தாலும் நிமிர்த்தினாலும், அதன் பிறகு சுமார் 350 பாகையும் அதற்கு மேலும் சூடேற்றி மெல்ல ஆறவிட்டு உள்ளிழுவிசையைத் தணிக்க வேண்டும் என்கின்றன. அவை பெரிய கப்பல்களுக்கானவை; ஆயினும் உலோகத்தின் இயல்பு படகின் அளவைப் பார்த்து மாறுவதில்லை. பட்டறையில் வெப்பத்தை நிறத்தால் மதிப்பிட்டிருந்தார்கள், அதுவும் பகல் வெளிச்சத்தில். நிழலில் மங்கிய சிவப்பாகத் தெரியும் சூடு, வெயிலில் நிறமே மாறாததுபோல் தோன்றும். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் குறிக்குச்சிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி வைப்பது பெரிய செலவன்று. பித்தளையைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை துத்தநாக ஆக்சைடு என்பதையும், அதைச் சுவாசிப்பவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வருவது அதனால்தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்த வெளியும் காற்றோட்டமும் இந்த வேலைக்குக் கட்டாயம் வேண்டும்.

அதே விதிகள் இலையை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. நுனியை ஒட்டிய, பத்தில் ஏழு பங்கு ஆரத்திற்கு வெளியேயுள்ள பகுதியில் பற்றவைக்கலாம். அதற்கு உள்ளே வர வர கட்டுப்பாடு கூடுகிறது. தள்ளும் முகத்தில் குடத்தை ஒட்டிய நடுப்பகுதியில் பொதுவாகப் பற்றவைக்கவே கூடாது. நம் வெடிப்பு நடு மண்டலத்தில் இருந்தது. உலையில் முழுப் புரொப்பெல்லரையும் சூடேற்றி ஆறவைக்கும் வசதி அருகில் இல்லாத நிலையில், அங்கே பற்றவைப்பது இன்னொரு வெடிப்பை அழைப்பதாகும். கடலில், வலை கிடக்கும்போது ஓர் இலை முறிந்து போனால் ஏற்படும் அதிர்வு ஸ்டெர்ன் டியூபையே பிளக்கக்கூடும். அது படகில் இருப்பவர்களின் உயிரோடு தொடர்புடையது. இந்தப் புரொப்பெல்லரை இனி மாட்டக் கூடாது என்று நான் உறுதியாகச் சொன்னேன். உரிமையாளர் வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டு, பழைய உலோக விலைக்குக் கொடுத்துவிட்டார்.

பழைய புரொப்பெல்லரின் சாட்சி

புதியதை வார்த்து வாங்கக் காலம் ஆகும். படகைக் கட்டிவைத்தால் அத்தனை குடும்பங்களின் வருமானமும் நிற்கும். உரிமையாளரின் கொட்டகையில், முன்பொரு மீன்பிடித் தடைக்காலத்தில் விளிம்புகள் தேய்ந்ததால் கழற்றிப் போட்ட பழைய புரொப்பெல்லர் ஒன்று கிடந்தது. பார்க்க நன்றாக இல்லை; நுனிகள் தேய்ந்து விட்டம் 12 மி.மீ. குறைந்திருந்தது, விளிம்புகளில் சிறு பள்ளங்கள். ஆனால் சாயச் சோதனையில் வெடிப்பு இல்லை. பிட்ச் அளந்தால் 652, 648, 655. மூன்றுக்கும் இடையே ஒரு விழுக்காட்டை ஒட்டிய வேறுபாடே இருந்தது.

விளிம்புகளை அரத்தால் மழித்து, எடைச் சமன் பார்த்து, சாவியைத் திருத்தி, நீலச்சாயத்தில் முக்கால் பரப்புக்கும் மேல் தொடர்பு வரும் வரை டேப்பரைப் பதமாக்கி மாட்டினோம். மெல்லிய நட்டு முதலில், முழு நட்டு அதன்மேல், பிறகு ஸ்பிளிட் பின். பெரும்பாலான படகுகளில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதைக் காண்கிறேன். மேலே வரும் நட்டு இறுகும்போது கீழேயுள்ளதன் சுமையைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆகவே முழு மரை உள்ள நட்டுதான் வெளியே இருக்க வேண்டும்.

கடலுக்குப் போய் முழு வீச்சில் ஓட்டியபோது ஸ்டேரிங் நடுங்கவில்லை. கைப்பேசிச் செயலியில் வினாடிக்குப் பத்து என்ற உச்சம் அடங்கிப்போயிருந்தது. 1840 சுற்றில் 8.2 கடல்மைல் கிடைத்தது. விட்டம் குறைந்ததால் முழு வேகம் வரவில்லை. மெருகேற்றி மின்னிய புரொப்பெல்லரைவிட, தேய்ந்து குழிவிழுந்த இந்தப் பழையது மேலாக ஓடியதைத் தளத்தில் நின்ற எல்லோரும் தம் கால்களாலேயே உணர்ந்தார்கள். அதன் பிறகு பிட்ச் அளவீட்டைப் பற்றி நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புதிய புரொப்பெல்லருக்கு ஆணை கொடுக்கும்போது விட்டம், பிட்ச், சுழலும் திசை, டேப்பரின் அளவு ஆகியவற்றோடு, மூன்று இலைகளின் பிட்சையும் இரண்டு ஆரங்களில் அளந்து தாளில் எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. வந்ததும் அதே இரும்புப் பலகையில் வைத்து நாங்களும் அளந்தோம்; 338 மி.மீ. ஆரத்தில் 660, 657, 663. மாட்டி ஓட்டியபோது 1790 சுற்றில் 8.5 கடல்மைல். கிளாண்ட் கயிற்றைப் புதிதாகப் போட்டு, ஓடும்போது நிமிடத்திற்குச் சில சொட்டுகள் மட்டும் விழுமாறு நட்டைப் பதமாக இறுக்கினோம். பழைய புரொப்பெல்லர் உதிரியாகப் படகிலேயே ஏற்றிவைக்கப்பட்டது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் படகு மறுபடி கரையேறியது. சாயச் சோதனையில் மூன்று இலைகளும் தூய்மையாக இருந்தன. பிட்சில் மாற்றம் இல்லை. ஷாஃப்ட் தாங்கியில் வழக்கமான தேய்மானம் மட்டுமே. மற்ற உலோகத்திற்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக ஷாஃப்டின்மேல் கட்டியிருந்த துத்தநாகக் கட்டி பாதிக்குமேல் கரைந்திருந்ததால் மாற்றப்பட்டது. அளவுகளைத் தேதியிட்டு எழுதிய தாள், எஞ்சின் எண்ணெய் மாற்றிய குறிப்புகளோடு சேர்த்து ஓட்டுநர் அறைப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளது.